ஞானப்பல்லும் தாடைக் கோணமும்

காவிரிக் கரையில் உள்ள மோகனூர், 1997 ஜனவரி 1-இல் நாமக்கல் மாவட்டம் பிரியும்வரை சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அரசு பல் மருத்துவக் கல்லூரி 1953-இல் தோன்றியதோ சென்னையில். சேலத்திலும் திருச்செங்கோட்டிலும் பல் மருத்துவக் கல்லூரிகள் வந்த பின்னரே, முறிந்த தாடையையும் முக எலும்புகளையும் சீராக்கும் முகத்தாடை அறுவை மருத்துவம் இவ்வூரார் பேருந்தில் போய்த் திரும்பும் தொலைவுக்கு வந்தது.

அதற்கு முன் எலும்பு முறிந்தால் நாட்டு வைத்தியரின் கட்டே பலருக்குக் கதி. மூங்கில் பத்தை, முட்டை வெண்கரு, துணி ஆகியவற்றால் கைகால்களை அசையாமல் நிறுத்திய அக்கட்டு தாடையிடம் தோற்றது. கீழ்த்தாடை எலும்பு ஒட்டினால் மட்டும் போதாது, மேல்வரிசையும் கீழ்வரிசையும் முன்போலப் பொருந்தவும் வேண்டும். பற்களையே பிடிமானமாக்கி இரு தாடைகளையும் கம்பியால் பிணைக்கும் முறையை அமெரிக்கரான தாமஸ் கில்மர் 1887-இல் விவரித்தது இதனாலேயே.

அப்பற்களுள் கடைசியானதோ முறிவுக்கே துணைபோவது பிற்பாடு தெரியவந்தது. பதினேழு முதல் இருபத்தைந்து வயதுக்குள் முளைக்க வேண்டிய ஞானப்பல், இடமின்றிப் புதைந்து நின்றால், தாடை மேல்நோக்கித் திரும்பும் கோணத்தில் எலும்பு இருக்க வேண்டிய இடத்தை அடைத்துக்கொள்கிறது. தென்னாப்பிரிக்காவில் ரைட்சிக் குழுவினர் குரங்குத் தாடைகளைக் கொண்டு செய்து 1978-இல் வெளியிட்ட சோதனையில், புதைந்த பல்லுடைய தாடை, பல் முளைத்த தாடையை முறிக்கும் விசையில் சுமார் 60 விழுக்காட்டிலேயே முறிந்தது. நோயாளர் பதிவேடுகளை ஒப்பிட்ட பிற்கால ஆய்வுகள் பலவும், ஞானப்பல் உள்ளவர்களுக்குக் கோண முறிவு ஏறக்குறைய இரண்டு மூன்று மடங்கு மிகுதி என்றன.

ஆராய்ச்சி அத்துடன் நின்றிருந்தால் பல்லை முன்கூட்டியே பிடுங்குவதே தீர்வாகியிருக்கும்; அப்படி வாதிட்டோரும் உண்டு. ஆனால் அப்பல் இல்லாதவர்களிடம் காதுக்கு முன்னே மூட்டில் பொருந்தும் தாடைக் குமிழ் மிகுதியாக முறிவதும் கண்டறியப்பட்டது: விசை வலுவான கோணத்தைத் தாண்டி மேலேறி, குமிழின் மெல்லிய கழுத்தை ஒடிக்கிறது. குமிழ் முறிவே திருத்துவதற்கு அரிது என்பதால், பிடுங்கும் வாதம் பெரிதும் வலுவிழந்தது.

லாரிகளும் கரும்பு டிராக்டர்களும் நெருக்கும் நாமக்கல் வட்டாரச் சாலைகளில் இது ஏட்டளவு வினாவன்று. அங்கே இருசக்கர வாகனம் ஓட்டும் இளைஞர் பலர் ஞானப்பல் முளைக்கும் வயதினர். உயர் நீதிமன்ற ஆணையால் 2015 ஜூலையில் கட்டாயமாக்கப்பட்ட தலைக்கவசமும், முகவாயை மூடாத வகையாயின், மண்டையைக் காக்குமேயன்றித் தாடையைக் காக்காது. முறிவுக் கோட்டில் அகப்பட்ட பல்லைத் தவறாமல் எடுத்துவிடும் பழைய வழக்கம், முறிந்த எலும்பைப் பிணைக்க பிரான்சின் ஷாம்பி 1970-களில் செம்மைப்படுத்திய சிறு தகடுகளாலும் நுண்ணுயிர்க்கொல்லிகளாலும் தளர்ந்துவிட்டது. பல் ஆடினாலோ, சீழ் வைத்தாலோ, முறிந்த துண்டுகள் பொருந்தத் தடையானாலோதான் அது இப்போது பொதுவாக எடுக்கப்படுகிறது.