பயணக் குளிர்பெட்டி: வரலாறும் கொல்லிமலைப் பயணமும்

பயணக் குளிர்பெட்டி என்பது வாகனத்தில் வைத்து எடுத்துச் செல்லத்தக்க, உணவையும் மருந்தையும் குளிர்ச்சியாக வைத்திருக்கும் சிறிய பெட்டியாகும். பேச்சுவழக்கில் இது கார் ஃபிரிட்ஜ், மினி ஃபிரிட்ஜ், ஐஸ் பெட்டி எனப் பலவாறு அழைக்கப்படுகிறது. ஒரே தோற்றமுடைய இப்பெட்டிகள் உள்ளே மூன்று வெவ்வேறு முறைகளில் இயங்குகின்றன. ஒவ்வொரு முறையும் தனி வரலாறும் தனிக் குறைபாடும் கொண்டது. படுக்கை, சமையல் வசதியுடன் அமைக்கப்படும் கேம்பர் வேன் பயணங்கள் பரவிவரும் நிலையில், குறைந்த விலையில் எந்தப் பெட்டியை வாங்குவது என்ற கேள்விக்கு அந்த வரலாறே விடை தருகிறது. நாமக்கல் மாவட்டத்தின் கொல்லிமலைச் சாலை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வெப்பமான சமவெளி, 70 கொண்டை ஊசி வளைவுகள், குளிர்ந்த மலையுச்சி ஆகிய மூன்றும் ஒரே நாள் பயணத்தில் அமைகின்றன.

பனிக்கட்டி வணிகம்

தமிழ்நாட்டில் வெப்பத்தைத் தணிக்கும் பழைய முறை மண்பானையும் ஈரத் துணியும் ஆகும். நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொள்வதால் பானை குளிர்கிறது. வறண்ட காற்றில் இம்முறை நன்கு பயன்படும். மழைக்கால மலைக்காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் பயன் குறையும்.

குளிர்ச்சியை வெகுதொலைவு எடுத்துச் சென்று விற்ற முதல் பெரும் வணிகர் அமெரிக்காவின் பாஸ்டனைச் சேர்ந்த பிரடெரிக் டியூடர். அவருடைய தொழிலில் இருந்த நத்தானியேல் வையத், 1825இல் குதிரை இழுக்கும் பனிவெட்டுக் கலப்பையை உருவாக்கினார். உறைந்த ஏரிகளிலிருந்து ஒரே அளவான கட்டிகளை வெட்ட இதனால் முடிந்தது. அவை நெருக்கமாக அடுக்கப்பட்டு, மரத்தூளால் மூடப்பட்டுக் கப்பலேறின. 1833இல் டஸ்கனி என்ற கப்பல் சுமார் 180 டன் பனிக்கட்டியுடன் பாஸ்டனிலிருந்து புறப்பட்டு, ஏறத்தாழ நான்கு மாதங்களுக்குப் பின் கொல்கத்தாவை அடைந்தது. அப்போது சுமார் 100 டன் உருகாமல் எஞ்சியிருந்தது.

சென்னையில் இப்பனிக்கட்டியைச் சேமிக்க 1842இல் கடற்கரையோரம் ஒரு கட்டடம் எழுப்பப்பட்டது. அதுவே ஐஸ் ஹவுஸ். இந்தியாவிலேயே பனிக்கட்டி ஆலைகள் தொடங்கப்பட்ட பின் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இறக்குமதி நின்றுபோனது. 1897இல் சுவாமி விவேகானந்தர் அங்குத் தங்கினார். இன்று அக்கட்டடம் விவேகானந்தர் இல்லம் எனப்படுகிறது. ஆயினும் அப்பகுதியை மக்கள் இன்றும் ஐஸ் ஹவுஸ் என்றே சொல்கின்றனர்.

அந்தக் கப்பலில் குளிரை உண்டாக்கும் எந்திரம் எதுவும் இல்லை. வெளியிலிருந்து வரும் வெப்பத்தைத் தடுக்கும் காப்பு மட்டுமே இருந்தது. குளிர்பெட்டியின் தரத்தை முதலில் தீர்மானிப்பது அதன் சுவர்தான் என்பதற்கு இது சான்று. மீன் வியாபாரிகள் பயன்படுத்தும் தெர்மாகோல் பெட்டியும், குச்சி ஐஸ் விற்பவரின் மிதிவண்டிப் பெட்டியும் இதே கொள்கையில் அமைந்தவை.

குளிரூட்டும் மூன்று முறைகள்

1. கம்ப்ரசர் முறை: ஒரு வளிமத்தை அழுத்தித் திரவமாக்கி, பின் ஆவியாகவிட்டால் அது சுற்றிலும் உள்ள வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். இக்கொள்கையில் அமைந்த பொறிக்கு 1834இல் ஜேக்கப் பெர்கின்ஸ் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். 1870களில் ஜெர்மனியின் கார்ல் வான் லிண்டே இதைத் தொழிற்சாலைகளுக்கு ஏற்றதாக்கினார். வீட்டு ஃபிரிட்ஜ் இவ்வகையைச் சேர்ந்தது. வாகன மின்கலத்தின் 12 வோல்ட் மின்சாரத்தில் ஓடும் சிறிய கம்ப்ரசர்கள் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவின. ஜப்பானின் சவாஃபூஜி, டென்மார்க்கின் டான்ஃபாஸ் ஆகிய நிறுவனங்களின் கம்ப்ரசர்கள் இத்துறையில் பெயர்பெற்றவை.

2. உறிஞ்சல் முறை: 1859இல் பிரான்சின் பெர்டினான்ட் காரே அம்மோனியாவையும் நீரையும் கொண்டு, வெப்பத்தால் இயங்கும் குளிரூட்டியை உருவாக்கினார். 1922இல் சுவீடனின் ஸ்டாக்ஹோம் நகரில் மாணவர்களாக இருந்த பால்ட்சார் வான் பிளாட்டன், கார்ல் முண்டர்ஸ் ஆகிய இருவரும் ஹைட்ரஜனையும் சேர்த்து, பம்பு போன்ற அசையும் உறுப்பு எதுவும் இல்லாத வடிவத்தை அமைத்தனர். எரிவாயுச் சுடரே இதை இயக்கப் போதும். மின்சாரமும் பயன்படுத்தலாம். ஓசை எழுப்பாததால் விடுதி அறைகளின் சிறிய ஃபிரிட்ஜ்கள் பல இவ்வகையில் அமைந்துள்ளன.

3. வெப்பமின் முறை: 1834இல் பிரான்சின் ழான் பெல்டியர், இரு வேறு உலோகங்கள் இணையும் இடத்தில் மின்சாரம் பாயும்போது வெப்பம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நகர்வதைக் கண்டறிந்தார். 1950களில் குறைகடத்திப் பொருள்கள் வந்த பின்னரே இது நடைமுறைக்கு வந்தது. ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் சூடேறும். அந்தச் சூட்டை ஒரு சிறு விசிறி வெளியேற்றும். விலை குறைவு, எடையும் குறைவு. குறைந்த விலைக் கார் ஃபிரிட்ஜ்களில் பெரும்பாலானவை இவ்வகையே.

சோட்டுகூல் தரும் பாடம்

குறைந்த விலைக் குளிர்பெட்டிக்கான இந்திய முயற்சிகளில் குறிப்பிடத்தக்கது கோத்ரெஜ் நிறுவனத்தின் சோட்டுகூல். ஃபிரிட்ஜ் வாங்க இயலாத கிராமக் குடும்பங்களுக்காக, மகாராஷ்டிராவின் உஸ்மானாபாத் பகுதிப் பெண்களிடம் கருத்துக் கேட்டு இது வடிவமைக்கப்பட்டது. 2010ஆம் ஆண்டை ஒட்டி விற்பனைக்கு வந்தபோது கொள்ளளவு 43 லிட்டர், எடை சுமார் 8 கிலோ, விலை 3,250 ரூபாய் அளவில் இருந்தது. கம்ப்ரசர் இல்லை, வெப்பமின் முறையில் 12 வோல்ட் மின்சாரத்தில் இயங்கியது. மூடி மேற்புறம் இருந்ததால், திறக்கும்போது கனமான குளிர்காற்று கீழேயே தங்கியது. மின்தடை ஏற்பட்டாலும் சில மணி நேரம் குளிர்ச்சி நீடித்தது.

வெளி வெப்பத்தைவிடச் சுமார் 20 பாகை குறைவாகப் பொருள்களை வைத்திருப்பதே இதன் நோக்கமாக இருந்தது. பால், காய்கறி, குடிநீருக்கு அது போதும். பனிக்கட்டி உண்டாக்க முடியாது. எதிர்பார்த்த அளவுக்குக் கிராமச் சந்தையில் இது பரவவில்லை. பின்னர் கார் பயணம், சிறுகடை, நகரத்துத் தனியறை போன்ற தேவைகளுக்கு இது முன்வைக்கப்பட்டது.

இங்கு நினைவிற்கொள்ள வேண்டியது 20 பாகை என்ற எண்ணாகும். கம்ப்ரசர் பெட்டியில் வேண்டிய வெப்பநிலையைக் குறித்துவிடலாம். வெப்பமின் பெட்டியோ வெளி வெப்பத்தைச் சார்ந்தே குளிரும். வெளியே ஏறினால் உள்ளேயும் ஏறும்.

கொல்லிமலைச் சாலையில் மூன்று பெட்டிகள்

வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலை இன்று ஆகாய கங்கை அருவி, அறப்பளீசுவரர் கோயில், சிறுதானியம், அன்னாசி, பலா, மிளகு ஆகியவற்றுக்கு அறியப்படுகிறது. அடிவாரமான காரவள்ளியிலிருந்து வளைவுகள் தொடங்குகின்றன. கோடையில் நாமக்கல் சமவெளியின் வெப்பம் 40 பாகை செல்சியஸை நெருங்கும். பொதுவாக 1000 மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6 பாகை குறையும். மலைமேல் உள்ள ஊர்கள் கடல்மட்டத்திலிருந்து 1000 மீட்டருக்கும் மேல் அமைந்தவை.

40 பாகை வெயிலில் வெப்பமின் பெட்டியின் உட்பகுதி 20 பாகை அளவில் இருக்கும். வெயிலில் பூட்டி நிறுத்திய வேனுக்குள் வெப்பம் 50 பாகையைத் தாண்டக்கூடும். அப்போது பெட்டிக்குள் 30 பாகை. பால் கெட்டுவிடும். மலைமேல் இரவில் வெளியே 20 பாகையாகக் குறைந்தால் அதே பெட்டி மிகவும் குளிர்ந்து, வெப்பக் கட்டுப்பாடு இல்லாத நிலையில் உறைநிலையை நெருங்கவும் கூடும். தேவையான இடத்தில் போதாமலும், தேவையற்ற இடத்தில் மிகையாகவும் அது குளிர்கிறது.

உறிஞ்சல் பெட்டிக்குள் திரவம் ஓடுவது புவியீர்ப்பால். எனவே அதைச் சமதளத்தில் வைக்க வேண்டும். வளைவுகளில் ஏறும்போது ஏற்படும் சிறுநேரச் சாய்வு பெரிதாகப் பாதிக்காது. சரிவான இடத்தில் வேனை நிறுத்தி இரவு முழுவதும் இயக்கினால் சுழற்சி தடைபட்டுப் பெட்டி பழுதாகலாம். வண்டி ஓடும்போது எரிவாயுச் சுடரை ஏற்றி வைப்பது ஆபத்து. மூடிய வேனுக்குள் புகைபோக்கி இல்லாமல் எரித்தால் கார்பன் மோனாக்சைடு சேர்ந்து உறங்குவோரின் உயிருக்கே கேடாகும்.

சிறிய கம்ப்ரசர் பெட்டிகள் ஓரளவு சாய்விலும் குலுக்கலிலும் இயங்குமாறு செய்யப்படுகின்றன. ஆகவே இச்சாலைக்கு மூன்றிலும் பொருத்தமானது இதுவே. விலைதான் அதிகம்.

மின்சாரக் கணக்கு

விலையோடு மின்செலவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 50 வாட் வெப்பமின் பெட்டி இடைவிடாமல் ஓடினால் ஒரு நாளில் 50 × 24 = 1200 வாட்-மணி செலவாகும். 45 வாட் கம்ப்ரசர் பெட்டி, குளிர்ந்தவுடன் நின்று மீண்டும் ஓடுவதால், நாளின் 40 விழுக்காடு நேரம் மட்டும் இயங்குவதாகக் கொள்வோம். அப்போது செலவு 45 × 24 × 0.4 = 432 வாட்-மணி.

12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி ஈய அமில மின்கலத்தில் 1200 வாட்-மணி உள்ளது. அதன் ஆயுள் குறையாதிருக்கப் பாதியளவே, அதாவது 600 வாட்-மணியே, பயன்படுத்துவது நல்லது. அதில் கம்ப்ரசர் பெட்டி ஒரு நாளுக்கு மேல் ஓடும். வெப்பமின் பெட்டி 12 மணி நேரமே ஓடும். மலிவான பெட்டிக்குப் பெரிய மின்கலம் தேவைப்படுவதால் விலையில் மிஞ்சியது அங்கே செலவாகிவிடும்.

வண்டியைக் கிளப்பும் மின்கலத்திலேயே பெட்டியை இணைத்துவிட்டு உறங்குவது மற்றொரு தவறு. 4 ஆம்பியர் வீதம் 10 மணி நேரத்தில் 40 ஆம்பியர்-மணி தீர்ந்துவிட்டால், காலையில் மலைமேல் வண்டி கிளம்பாது. கம்ப்ரசர் பெட்டிகள் பலவற்றில் மின்னழுத்தம் குறைந்தால் தானே நிற்கும் அமைப்பு உண்டு. அது இல்லாத பெட்டிக்குத் தனி மின்கலம் வேண்டும்.

பனிக்கட்டிக்கும் இதே கணக்கைப் போடலாம். ஒரு கிலோ பனிக்கட்டி உருகும்போது சுமார் 93 வாட்-மணி வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். 5 கிலோவுக்கு 465 வாட்-மணி. சுவர் வழியே 20 வாட் வெப்பம் புகும் பெட்டியில் இது ஏறத்தாழ 23 மணி நேரம் தாங்கும். இரண்டு நாள் பயணத்துக்கு, தடித்த சுவருள்ள ஐஸ் பெட்டியும் வழியில் வாங்கும் பனிக்கட்டியுமே போதுமானவை.

மருந்து எடுத்துச் செல்வோர்

நீரிழிவு நோயாளிக்குக் குளிர்பெட்டி வசதிப் பொருள் மட்டும் அன்று. திறக்காத இன்சுலினை 2 முதல் 8 பாகை செல்சியஸுக்குள் வைக்க வேண்டும். பயன்பாட்டில் உள்ள குப்பியை, மருந்தின் வகைக்கேற்ப, 25 அல்லது 30 பாகைக்குக் கீழே சுமார் நான்கு வாரம் வெளியில் வைக்கலாம். ஒருமுறை உறைந்த இன்சுலினைப் பயன்படுத்தக் கூடாது. உறைந்து உருகிய மருந்து பார்வைக்கு மாறாமல் தோன்றலாம். ஆனால் அதன் செயல்திறனை நம்ப முடியாது.

இச்சிக்கலுக்குத் தடுப்பூசித் திட்டம் எளிய வழியைக் கண்டுள்ளது. கிராமங்களுக்குத் தடுப்பூசி கொண்டுசெல்லும் சுகாதாரப் பணியாளரின் தோள்பெட்டியில் மின்சாரம் இல்லை. தடித்த சுவரும் நான்கு பனிப்பைகளும் மட்டுமே உள்ளன. பனிப்பைகளை உறைபெட்டியிலிருந்து எடுத்தவுடன் வைப்பதில்லை. மேற்பரப்பு வியர்த்து, குலுக்கினால் உள்ளே நீர் அசையும் ஓசை கேட்கும் வரை வெளியே வைத்திருந்து, பிறகே அடுக்குகின்றனர். இதனால் மருந்து உறையாது. இன்சுலின் எடுத்துச் செல்லும் பயணியும் இதே முறையைக் கையாளலாம். மருந்து பனிப்பையை நேரடியாகத் தொடாதவாறு துணியில் சுற்றி, ஒரு சிறு வெப்பமானியையும் பெட்டிக்குள் வைப்பது நல்லது.

தேர்ந்தெடுக்கும் முறை

ஓரிரு நாள் பயணத்துக்கு நல்ல ஐஸ் பெட்டியே செலவு குறைந்தது. பகலில் வண்டி ஓடிக்கொண்டே இருந்து, குடிநீரும் பழமும் குளிர்ந்தால் போதும் என்போருக்கு வெப்பமின் பெட்டி உதவும். வீட்டிலேயே குளிரூட்டிய பொருள்களை அதில் அடுக்கினால் பயன் கூடும். பால், இறைச்சி, மருந்து ஆகியவற்றுடன் பல நாள் தங்குவோருக்குக் கம்ப்ரசர் பெட்டியே ஏற்றது. 100 வாட் சூரியத் தகடு நல்ல வெயிலில் நாளொன்றுக்கு 400 வாட்-மணி அளவில் தரும் என்பதால் மின்தேவையின் பெரும்பகுதியை அதுவே ஈடுசெய்யும். மழை, மூடுபனி நாள்களில் அதை நம்ப முடியாது.

கடையில் முதலில் கேட்க வேண்டியது விலையையோ லிட்டரையோ அன்று. உள்ளே கம்ப்ரசர் உள்ளதா, சுவர் எவ்வளவு தடிப்பு, வெளி வெப்பம் 40 பாகையாக இருக்கும்போது உள்ளே எவ்வளவு இருக்கும் என்ற மூன்றையும் கேட்க வேண்டும். மூன்றாவது கேள்விக்குத் தெளிவான விடை கிடைக்காத பெட்டியில் மருந்தை வைத்து மலையேறுவது பாதுகாப்பானது அன்று.