வர்ஜில் ஒரு சாக்கு

அச்செழுத்தைக் காட்டுவதற்கென்றே ஒரு புத்தகம் போடுவதானால் அதில் எதை அச்சிடுவது? டைப் வார்ப்பவர்கள் வழக்கமாக ஒரு மாதிரித் தாளோடு நின்றுவிடுவார்கள். லண்டனில் வில்லியம் காஸ்லன் 1734இல் வெளியிட்ட தாளில் ஸிஸரோவின் ஒரு பேச்சினுடைய ஆரம்பம், பெரிய எழுத்திலிருந்து சிறிய எழுத்துவரை திரும்பத் திரும்ப வரும். இடம் தீர்ந்ததும் வாக்கியம் பாதியில் நின்றுவிடும். அங்கே ஸிஸரோவை யாரும் படிப்பதில்லை. பர்மிங்ஹாமில் ஜான் பாஸ்கர்வில் முழுப் புத்தகமாகவே காட்ட நினைத்தார். 1757இல் வெளிவந்த அந்தப் புத்தகம் வர்ஜில்.

பாஸ்கர்வில் அச்சுத்தொழிலில் வளர்ந்தவர் அல்ல. கையெழுத்துக் கற்பித்தவர், கல்லறைக் கற்களில் எழுத்து வெட்டியவர், தட்டுகளுக்கு அரக்கு மெருகு போடும் தொழிலில் பணம் சேர்த்தவர். நாற்பது வயதுக்குமேல் அந்தப் பணத்தை டைப்பில் போட்டார். எழுத்தின் உருவை எஃகில் வெட்டித் தந்தவர் ஜான் ஹாண்டி. வர்ஜில் வெளிவர ஏறக்குறைய ஏழு வருஷம் ஆயிற்று.

காலதாமதத்துக்குக் காரணம் டைப் மட்டும் அல்ல. பேனா பிடித்த கை வரைந்த எழுத்து அது. கனத்த கோட்டுக்கும் மெல்லிய கோட்டுக்கும் வித்தியாசம் அதிகம். அன்றைய தாளில் கம்பி வரிகள் மேடும் பள்ளமுமாக ஓடும். அதன்மேல் மெல்லிய கோடு சரியாக விழாது. ஆகவே அச்சு யந்திரத்தைச் செப்பனிட்டார். மையை மேலும் கறுப்பாக்கினார். நெய்த கம்பி வலையில் செய்த, வரி விழாத தாளைப் புத்தகத்தின் ஒரு பகுதிக்குப் பயன்படுத்தினார். அச்சான தாள்களைச் சூடேற்றிய செப்புத் தகடுகளுக்கு நடுவில் வைத்து அழுத்தினார். முகப்பில் பூவேலை கிடையாது. இடம்விட்டுக் கோர்த்த பெரிய எழுத்துக்களில் கவிஞன் பெயர், நூல்களின் பெயர், ஊர், யாருடைய டைப், வருஷம். அவ்வளவுதான். ஒரு எழுத்தைக் காட்ட ஒரு பக்கத்தையே புதிதாக உண்டாக்க வேண்டியிருந்தது.

வர்ஜில் ஏன்? அன்று ஒரு கினி கொடுத்து இந்தப் புத்தகத்தை வாங்கக்கூடியவன் பள்ளிக்கூடத்திலேயே வர்ஜிலை உருப்போட்டவன். அடுத்த வரி என்ன என்ற ஆவல் அவனுக்கு இல்லை. எழுத்தின்மேல் நிதானமாகப் பார்வை தங்கும். 1758இல் மில்டனும், 1763இல் கேம்பிரிட்ஜில் பைபிளும் இதே வரிசையில் வந்தன. பைபிளைப் போட்டவருக்கு மதத்தில் நம்பிக்கை கிடையாது என்பது வேறு விஷயம். அழகிய பக்கம், ஏற்கனவே எல்லோரும் ஒப்புக்கொண்டுவிட்ட வாசகத்துக்குத்தான் முதலில் போய்ச்சேருகிறது. எழுதுகிறவர்களாகிய நமக்கு இது உவப்பான செய்தி அல்ல.

ஆனால் டைப்பே புதிது என்பதால் புதுக்கவிஞனுக்கு நேர்வது அதற்கும் நேர்ந்தது. 1760 வாக்கில் பெஞ்சமின் ப்ராங்க்ளின் பாஸ்கர்வில்லுக்கு எழுதிய ஒரு கடிதம் உண்டு. ப்ராங்க்ளின் தாமே அச்சுக்காரர். வர்ஜிலுக்கு ஆறு பிரதிகள் சந்தா கட்டியவர். அவரிடம் ஒருவர், பாஸ்கர்வில் எழுத்தின் மெல்லிய கோடுகள் தேசத்தார் கண்ணையே கெடுத்துவிடும் என்று குறைசொன்னாராம். ப்ராங்க்ளின் காஸ்லனின் மாதிரித் தாளில் பெயர் இருந்த மேல்பகுதியைக் கிழித்துவிட்டு, இது பாஸ்கர்வில்லுடையது, குறையைக் காட்டுங்கள் என்று நீட்டினார். மனிதர் வரிவரியாகக் குறை காட்டினார். பார்க்கும்போதே கண் வலிக்கிறது என்றார். வாழ்நாள் முழுதும் அவர் சிரமமில்லாமல் படித்து வந்தது காஸ்லன் எழுத்தைத்தான். அவர் வெட்கப்படக் கூடாதென்று ப்ராங்க்ளின் உண்மையைச் சொல்லவில்லை.

இதைச் சிரித்துவிட்டு விடலாம். விமர்சனம் எழுதுகிறவனால் முடியாது. கண் வலிக்கிறது என்றதும், புரியவில்லை என்று கவிதையைப் பற்றிச் சொல்வதும் ஒரே ஜாதி. பழக்கத்துக்கு ரசனை என்று பெயர் வைத்துக்கொள்கிறோம். எத்தனை மதிப்புரைகள் தாளின் தலைப்பைப் படித்துவிட்டு எழுதப்படுகின்றன! பெயர் கிழிக்கப்பட்ட தாளை முன்னால் வைத்தால் நம்மில் எத்தனை பேர் தேறுவோம் என்பது தெரியாது.

பாஸ்கர்வில்லுக்கு அச்சுத்தொழிலில் லாபம் இல்லை. 1775இல் இறந்தார். 1779இல் அவர் மனைவி ஸாரா டைப்புகளை நாடகாசிரியர் பொமார்ஷேக்கு விற்றார். அவை ரைன் நதிக்கரையில் கேல் என்ற ஊருக்குப் போயின. பிரான்ஸுக்குள் அச்சிட முடியாத வால்டேரின் முழுத் தொகுப்பு 1780களில் அங்கே அந்த எழுத்தில் வெளியாயிற்று. எஃகில் வெட்டிய மூலங்கள் 1953இல்தான் பிரான்ஸிலிருந்து கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகத்துக்கு வந்தன.

வர்ஜிலை வாங்கியவர்கள் டைப்பைப் பார்த்தார்கள். வால்டேரை வாங்கியவனுக்கு டைப்பைப் பார்க்க அவகாசம் இருந்திருக்காது. அந்த எழுத்து தன் வேலையைச் செய்தது அங்கேதான் என்று எனக்குத் தோன்றுகிறது.