ஏடும் லயமும்

மலாயாத் தமிழர் வரலாற்றை எழுதப் புகுவோர் பழைய நாளிதழ்களையே பெரிதும் சான்றாகக் கொள்கின்றனர். அஃது இயல்பே. ஆயினும் அவ்வேடுகள் எங்கிருந்து எழுதப்பெற்றன, யாருடைய செவிக்கு எட்டின என்பதையும் உடன் ஆராய்தல் வேண்டும்.

1924இல் நரசிம்ம ஐயங்கார் கோலாலம்பூரில் ‘தமிழ் நேசன்’ தொடங்கினார், 1935இல் கோ. சாரங்கபாணி சிங்கப்பூரில் ‘தமிழ் முரசு’ தொடங்கினார். இரண்டும் நகரத்தில் பிறந்தவை. தமிழருட் பெரும்பாலோரோ ரப்பர்த் தோட்டத்து லயங்களில் வாழ்ந்தனர். முரசின் தொடக்க விலை ஒரு காசு. எனவே தடை விலையன்று, எழுத்தறிவே. லயத்தில் ஒருவர் உரக்கப் படிக்கப் பலர் சூழ்ந்திருந்து கேட்டனர். கேட்டவரும் வாசகரே, ஆனால் ஏட்டுக்கு ஒரு மடல் வரைய அவரால் இயலவில்லை. ஏட்டாளரும் அவரைத் தேடிச் செல்லுதல் எளிதன்று. தோட்டம் தனியார் நிலம், துரையின் இசைவின்றி அயலார் நுழைதல் அரிது.

இவ்விடைவெளியைக் கடந்த ஒருவர் ஆர். எச். நாதன். ‘தமிழ் நேச’னில் துணையாசிரியராக இருந்த அவர், கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் வழியே தோட்டத் தொழிலாளரிடையே இயங்கினார். 1941இல் கிள்ளான் வட்டாரத்தில் எழுந்த வேலைநிறுத்தத்தின்போது முன்வைக்கப்பட்ட கோரிக்கைகளை நோக்குக. சீனத் தொழிலாளர்க்கு ஈடான கூலி கேட்டனர். அதனை எந்த ஏட்டாளரும் மேசையில் இருந்தபடியே எழுதியிருத்தல் கூடும். ஆனால் துரையும் கிராணியும் எதிர்ப்படுங்கால் மிதிவண்டியை விட்டு இறங்காமற் செல்ல உரிமை வேண்டும் என்றனர். பெண்டிரிடம் முறைகேடாக நடத்தல் ஒழிய வேண்டும், கொடிய பணியாளரை நீக்க வேண்டும், கள்ளுக்கடையை மூட வேண்டும், உற்றார் உறவினர் தோட்டத்துக்குள் தடையின்றி வந்து போக வேண்டும் என்றனர். இவை லயத்தில் அமர்ந்து கேட்டறிந்தாலன்றிப் பட்டியலில் ஏறுவன அல்ல.

இங்கு ஒன்று கருதத்தக்கது. தோட்டத்தில் ஏட்டுக்குச் சந்தா கட்டும் வசதி உடையவர் கிராணி போன்றாரே. தொழிலாளர் குறை கூறியதும் அவரைப் பற்றியே! சந்தாதாரர் ஒருவர், கேட்போர் வேறொருவர் என்னும் நிலையில் ஏடு யாருக்கு உரியது?

1941 மே மாதத்தில் நாதன் சிறைப்பட்டுப் பின்னர் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். படை வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் உயிர் துறந்தனர்.

போருக்குப்பின் தோட்டத்துச் செய்திகளை எழுதியனுப்பியவருள் நம் போன்ற தோட்டப் பள்ளி ஆசிரியர் பலர். ஆசிரியர் குடியிருந்த வீடோ தோட்டத்தினுடையது. ஆகவே திருமணமும் இறப்பும் விளையாட்டுப் போட்டியும் தடையின்றி அச்சேறின. கிராணி கைநீட்டிய செய்தி அச்சேறியது அரிது என்பதே என் கருத்து.