சட்டை மாற்றும் கிருமி

போன மாதம் பையனுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல், இருமல். ஊரிலிருந்து அம்மா ஃபோனில், "போன தடவை டாக்டர் கொடுத்த ஆன்டிபயாடிக் மிச்சம் இருக்குமே, அதையே கொடுத்துடேன்டா" என்றார். புனேக்கு வந்து பதினோரு வருஷமாகியும் எங்கள் வீட்டு வைத்திய ஆலோசனை மட்டும் இன்னும் ஊரிலிருந்துதான் வருகிறது! நான் கொடுக்கவில்லை. ஏன் என்று ஃபோனில் சொல்லி மாளாது, அதனால் இங்கே எழுதுகிறேன்.

நிமோனியாவுக்கு முக்கியக் காரணமான நியூமோகாக்கஸ் கிருமியை 1881-ல் அமெரிக்காவின் ஸ்டெர்ன்பெர்க்கும் பிரான்ஸின் பாஸ்டரும் தனித்தனியே அறிவித்தார்கள். இந்தக் கிருமி சர்க்கரைப் பொருளால் ஆன ஒரு வழவழப்பான சட்டையைப் போட்டிருக்கும். நம் ரத்தத்தின் வெள்ளை அணுக்களால் அதை எளிதில் பிடித்து விழுங்க முடியாது. சட்டை இல்லாத கிருமியோ பரம சாது.

1928-ல் லண்டனில் ஃப்ரெடெரிக் கிரிஃபித் ஒரு விசித்திரத்தைப் பார்த்தார். சட்டை போட்ட கிருமியைச் சூடாக்கிக் கொன்று, அதோடு சட்டையில்லாத உயிருள்ள கிருமியைக் கலந்து எலிக்கு ஊசி போட்டார். எலி செத்தது. அதன் ரத்தத்தில் சட்டை போட்ட கிருமிகள் உயிரோடு இருந்தன! செத்ததிடமிருந்து உயிருள்ளது சட்டை தைக்கும் வித்தையைக் கற்றிருக்கிறது. அந்த வித்தை இருப்பது டிஎன்ஏவில் என்று 1944-ல் நியூயார்க்கில் ஏவரி, மெக்லியாட், மெக்கார்ட்டி மூவரும் காட்டினார்கள். கிரிஃபித் அதைப் பார்க்கவில்லை. 1941-ல் லண்டன் குண்டுவீச்சில் இறந்துபோனார்.

அதற்குள் பென்சிலின் வந்துவிட்டது. அது சட்டையைப் பொருட்படுத்தாமல், உள்ளே செல் சுவரைக் கட்டும் புரதங்களையே முடக்கியது. சட்டைச் சர்க்கரையிலிருந்து செய்த தடுப்பூசி 1945-ல் அமெரிக்க ராணுவத்தில் பலன் தந்தும், பென்சிலின் இருக்க ஊசி எதற்கு என்று அதைக் கைவிட்டார்கள்.

1967-ல் ஆஸ்திரேலியாவில் பென்சிலினுக்கு மசியாத நியூமோகாக்கஸ் கிடைத்தது. 1977-ல் தென்னாப்பிரிக்காவில் பல மருந்துகளுக்கும் மசியாதது வந்தது. எப்படி? கிரிஃபித் பார்த்த அதே வித்தைதான். தொண்டையில் குடியிருக்கும் உறவுக்காரக் கிருமிகளின் டிஎன்ஏவை வாங்கி, பென்சிலின் பிடிக்கும் புரதத்தையே மாற்றிக்கொண்டது. நாம் தேவையில்லாமல் மருந்து தரும்போதெல்லாம் சாதுக் கிருமிகள் சாக, இப்படி மாறியவை பிழைத்துப் பெருகுகின்றன.

மறுபடி சட்டையிடமே போக வேண்டியிருந்தது. சட்டையில் தொண்ணூறுக்கும் மேல் ரகங்கள் உண்டு. ஆனால் மருந்துக்கு மசியாதவை பெரும்பாலும் 6பி, 14, 19எஃப், 23எஃப் போன்ற சில ரகங்களில்தான் இருந்தன. 2000-ல் அமெரிக்காவில் ஏழு ரகத் தடுப்பூசி வந்ததும் மசியாத கிருமிகளின் நோய்களும் குறைந்தன. பிறகு ஊசியில் இல்லாத 19ஏ தலைதூக்க, அடுத்த ஊசிகளில் அதையும் சேர்த்தார்கள்.

இங்கே புனேயின் சீரம் இன்ஸ்டிட்யூட் தயாரித்த பத்து ரக ஊசி 2020 டிசம்பரில் வந்தது. அரசுத் திட்டத்தில் 2017-ல் சில மாநிலங்களில் தொடங்கிய நியூமோகாக்கஸ் ஊசி, 2021-ல் நாடு முழுவதும் வந்தது. ஆறாவது வாரம், பதினாலாவது வாரம், ஒன்பதாவது மாதம். காசு கிடையாது.

பையனுக்கு வைரஸ் காய்ச்சல்தானாம். டாக்டர் ஆன்டிபயாடிக் எழுதவே இல்லை. அம்மாவிடம் சொன்னேன். "சரி சரி, ரசம் வெச்சுக் கொடு" என்றார். அதற்கு மட்டும் உடனே சம்மதித்தேன்.