திருகோணமலையின் கடலொலியும் ஒரு துளி நீரும்

திருகோணமலைத் துறைமுகத்தின் வரலாற்றை எழுதுவோர் கோட்டையையும் பீரங்கிகளையும் எண்ணெய்க் குதங்களையும் பற்றியே பெரிதும் எழுதுகின்றனர். அக்கடலுக்குள் ஒலித்த ஓர் ஒலியைப் பற்றி எழுதியோர் குறைவு.

1942 ஏப்ரல் 9 ஆம் திகதி யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. கிழக்காபிரிக்கக் கரைக்கு ஒதுங்கிய பிரித்தானியக் கீழைக் கடற்படை 1944 சனவரியில்தான் இலங்கைக்குத் திரும்பி, இங்கு தளங்கொண்டது. அதன் நாசகாரிக் கப்பல்கள் 'அஸ்டிக்' என்னும் கருவியால் நீர்மூழ்கிகளைத் தேடின. கப்பலடியில் பொருத்திய குவார்ட்ஸ் படிகத்துக்கு மின்சாரம் ஊட்டினால் அது அதிர்ந்து நீருக்குள் ஒலியைச் செலுத்தும். எதிரொலி மீளும் நேரத்தைக் கொண்டு பகைவனின் தொலைவை அறிவர்.

இதற்கு வழிவகுத்தவர்களில் முதன்மையானவர் பிரான்சின் போல் லாஞ்செவன். முதல் உலகப் போர்க்காலத்தில் துலோன் துறைமுகத்தில் அவர் சோதனை செய்தபோது, ஒலிக்கற்றையில் அகப்பட்ட மீன்கள் மடிந்தன. அதைக் கண்ட அமெரிக்க அறிஞர் வூட், பின்னர் லூமிசுடன் சேர்ந்து 1927 இல் ஆய்வொன்றை வெளியிட்டார். கடுமையான மிகையொலி சிறு மீன்களைக் கொல்லும், இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும் என்று அது காட்டிற்று.

ஆயினும் ஒலிக்கு மென்மையான கையும் உண்டு. 1866 இல் ஜெர்மானியர் கூண்ட், கண்ணாடிக் குழாயினுள் நிலையலையை எழுப்பியபோது, உள்ளே தூவிய தூள் சீரான இடைவெளிகளில் திரண்டது. நுண்கோளத்தின்மீது ஒலி செலுத்தும் விசையை எல். வி. கிங் 1934 இல் கணித்தார்.

2015 இல் சுவீடன் ஆய்வாளர்கள் அவ்விசையை நீர்த்துளிக்குள் செலுத்தினர். மில்லிமீற்றரிலும் குறுகிய வாய்க்காலில், எண்ணெயின் நடுவே துளிகள் ஓடுகின்றன. வாய்க்காலின் அகலம் ஒலியின் அரை அலைநீளமாயின் நடுக்கோட்டில் கணு அமையும். நொடிக்கு 20 இலட்சம் அதிர்வுகளெனின், நீரில் அவ்வகலம் ஏறத்தாழ 0.37 மில்லிமீற்றர். நீரினும் அடர்த்தியும் இறுக்கமும் மிகுந்த துகள்கள் அக்கணுவுக்கு நகர்ந்து, துளியின் நடுவே வரிசைகொள்ளும். பின்னர் துளியை மூன்றாகப் பிரித்தால் நடுத்துளியில் துகள்கள் செறியும். எண்ணெயும் நீரும் ஒலியை ஒத்த வகையில் கடத்துதல் வேண்டும்; இல்லையேல் துளியின் விளிம்பிலேயே அலை சிதறும்.

ஒவ்வொரு துளியும் ஒரு சோதனைக் குழாயாகிறது. உயிரணுவைத் தொடாமலே அதனைச் சுற்றியுள்ள நீர்மத்தை நீக்கும் வழியும் திறக்கிறது. அன்று சிவப்பணுவைச் சிதைத்த அதே ஆற்றல், அளவறிந்து செலுத்தப்படும்போது அணுவைக் காத்து நிறுத்துகிறது.

போருக்கெனப் பிறந்த அறிவு இத்துளியை வந்தடைய ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு பிடித்தது. திருகோணமலையின் வரலாற்றில் அக்கடலடி ஒலிக்கும் ஒரு பத்தி ஒதுக்குதல் தகும்.