சந்தையில் இடம் பிடித்த ஜிலேபிக் கெண்டை

மீன் வாங்க வருகிறவர்கள் என்ன பார்க்கிறார்கள்? செவுளைத் தூக்கி, சிவப்பா இருக்கா என்று பார்ப்பார்கள். விரலால் சதையை அழுத்துவார்கள். கண் தெளிவாக இருக்கணும். துள்ளுகிற மீனாக இருந்தால் இந்தச் சோதனை ஒன்றும் கிடையாது. அப்புறம், "முள்ளு அதிகமா?" என்ற கேள்வி வரும். வளர்க்கக் கூடாது என்று ஒதுக்கப்பட்ட மீன் ஒன்று நம் சந்தையில் நிலைத்ததற்கு இந்தக் கேள்வியும் ஒரு காரணம். அந்த மீன் ஜிலேபிக் கெண்டை, அதாவது திலேப்பியா. பேர்தான் கெண்டை, கெண்டை இனத்துக்கும் அதற்கும் உறவில்லை.

இதன் தாயகம் கிழக்கு ஆப்பிரிக்கா. 1939-ல் ஜாவாத் தீவில் காணப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அங்கே பால் கெண்டைக் குஞ்சு கிடைக்காமல் போகவே, குளங்களில் இதை விட்டு வளர்த்தார்கள். 1952-ல் நம் நாட்டுக்கு வந்தது. கண்டதையும் தின்னும், உப்புத் தண்ணீரையும் தாங்கும் மீன் என்பதால் எதிர்பார்ப்பு அதிகம்.

வந்த பிறகுதான் சிக்கல் தெரிந்தது. தாய் மீன் முட்டையை வாய்க்குள்ளேயே வைத்து அடைகாக்கும். அதனால் குஞ்சுகள் நிறையவே பிழைக்கும். அந்தக் குஞ்சுகளும் இரண்டு மூன்று மாதத்தில் இனப்பெருக்கத்துக்குத் தயார்! குளம் நிறைய மீன் இருக்கும், ஆனால் எல்லாம் உள்ளங்கை அளவு. கட்லா, ரோகுவுக்கும் இரை போதாது. ஆகவே 1959-ல் மீன்வள ஆராய்ச்சிக் குழு இதைப் பரப்பக் கூடாது என்று தடை விதித்தது.

அதற்கு முன்பே, 1957 ஜூலை 10-ல், கட்டாக்கில் டாக்டர் ஹீராலால் சௌதுரி ஊசி மூலம் கெண்டை மீனை முட்டையிட வைத்திருந்தார். கட்லா, ரோகு குஞ்சுகள் தாராளமாகக் கிடைக்க அதுவே வழி திறந்தது. ஆனால் கெண்டைச் சதைக்குள் கவைபோன்ற மெல்லிய முட்கள் உண்டு. பிள்ளைக்கு ஊட்டுகிற தாய் அதைக் கண்டு தயங்குவது நியாயந்தானே? கெண்டையைப் பெரிதாக வளர்த்தால் முள்ளும் பெரிதாகும், கண்ணுக்குத் தெரியும், எடுத்துப் போடலாம். பெரிய கட்லாவை வெட்டித் துண்டாகக் கேட்கிற காரணம் இதுதான். ஜிலேபியில் அந்தக் கவைமுள் கிடையாது. இலங்கையிலே கடலுக்குத் தூரமான கிராமங்களில் இதுவே முக்கிய மீனாகிவிட்டது.

கடல் மீன் தின்று பழகியவர்கள் மட்டும் "சேத்து வாடை" என்று முகம் சுளிப்பார்கள். அந்தக் குறை மீனுடையது அல்ல. குளத்துப் பாசியும் நுண்ணுயிர்களும் உண்டாக்கும் பொருள் சதையில் ஊறுவதால் வருவது. பிடித்த மீனை இரை போடாமல், சுத்தமான ஓடும் நீரில் சில நாள் விட்டு வைத்தால் வாடை குறையும்.

1988-ல் பிலிப்பைன்ஸில் தொடங்கிய ஆராய்ச்சியில் சீக்கிரம் பருக்கும் 'கிஃப்ட்' திலேப்பியா உருவானது. அதிலும் ஆண் மீனை மட்டும் விட்டால் குஞ்சுத் தொல்லை இல்லை. வளர்க்க நினைப்பவர்கள் குளம் வெட்டும் முன்பே மீன்வளத் துறையில் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள்.