கந்தல் காகிதமும் கணினிக் குறிப்பும்



கல்வியாண்டு தொடங்கும்போது நம் வீடுகள் பலவற்றில் ஒரு பேச்சு எழுகிறது. "வாப்பா, இனிக் குறிப்பேடுகள் வேண்டாம். மடிக்கணினி வாங்கித் தந்தால் அதிலேயே குறிப்பெடுத்துக்கொள்வேன். மரங்களும் பிழைக்கும்" என்கிறாள் மகள். கேட்பதற்கு அது நியாயமாகவே தோன்றுகிறது. வீண்விரயத்தைத் தடுக்கும் மார்க்கத்தைச் சார்ந்தவர்கள் என்பதால், மரம் என்ற சொல்லே நம் மனத்தை இளக்கிவிடுகிறது. ஆயினும் காகிதம் பூமிக்குச் சுமையா, கணினி சுமையா என்று தீர்ப்பளிக்கும் முன்னர், முஸ்லிம் உலகம் எதன்மீது எழுதி வந்தது என்ற வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்பது நலம்.

மட்டையும் தோலும்

அபூபக்ர் (ரலி) அவர்களின் ஆட்சிக் காலத்தில் குர்ஆன் வசனங்களைத் திரட்டும் பொறுப்பு ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. பேரீச்ச மட்டைகள், தட்டையான வெண்கற்கள், தோல் துண்டுகள், எலும்புகள், மனிதர்களின் நெஞ்சங்கள் ஆகியவற்றிலிருந்து அவர்கள் வசனங்களைத் திரட்டினார்கள். எழுதுவதற்கென்று அரபு மண்ணில் எவரும் மரம் வெட்டவில்லை. உணவுக்கும் பிற தேவைகளுக்கும் பின் எஞ்சியவையே ஏடுகளாயின.

பின்னர் முழுப் பிரதிகள் பதப்படுத்திய தோலில் எழுதப்பட்டன. தோல் உறுதியானது, விலையோ மிகுதி. பெரிய அளவிலான ஒரு முஸ்ஹஃபுக்கு நூற்றுக்கணக்கான ஆடுகளின் தோல் தேவைப்பட்டது. எகிப்தின் பாப்பிரஸ் நாணலும் பயன்பட்டது. விரிந்துகொண்டிருந்த பேரரசின் கணக்குகளுக்கும் கல்விக்கும் இவை இரண்டும் போதவில்லை.

கந்தலில் பிறந்த காகிதம்

காகிதக் கலை சீனாவில் தோன்றியது. 751இல் தலாஸ் ஆற்றங்கரைப் போரில் சிறைப்பட்ட சீனர்கள் அதனை ஸமர்கந்தில் கற்பித்தார்கள் என்று 11ஆம் நூற்றாண்டு எழுத்தாளர் அஸ்ஸஆலிபீ குறிப்பிடுகிறார். வணிகர்கள், புத்தத் துறவிகள் வழியாக அது அதற்கு முன்பே நடு ஆசியாவை எட்டியிருந்தது என்பது இன்றைய ஆய்வாளர் பலரின் கருத்து. எவ்வாறாயினும், ஹாரூன் அர்ரஷீதின் காலத்தில், 794ஆம் ஆண்டை ஒட்டி, பக்தாதில் காகிதத் தொழில் வேரூன்றிவிட்டது. எழுதியதைத் தோலிலிருந்து சுரண்டி அழித்துவிடலாம். காகிதமோ மையை உறிஞ்சிக்கொள்ளும். மோசடிக்கு இடமில்லாததால் அரசு அலுவலகங்களும் அதனை விரும்பின. அடுத்த நூற்றாண்டில் பக்தாதின் வர்ராக்குகள், அதாவது காகிதமும் நூலும் விற்போர், நூற்றுக்கும் மேற்பட்ட கடைகளை நடத்தினார்கள் என்று யஃகூபீ எழுதியுள்ளார்.

அந்தக் காகிதம் எதனால் ஆனது என்பதே நமக்கு முக்கியம். பழைய லினன் துணி, கிழிந்த சணல் கயிறு ஆகியவற்றை நூலாகப் பிரித்து, சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, அலசி, இடித்துக் கூழாக்கினார்கள். சல்லடை போன்ற அச்சில் அள்ளி, உலர்த்தி, மாவுக் கஞ்சி பூசி, வழவழப்பான கல்லால் தேய்த்தார்கள். ஸமர்கந்தில் கூழ் இடிக்கும் உலக்கைகளை ஓடும் நீரே இயக்கியதை அல்பீரூனீ குறிப்பிடுகிறார். ஊரார் கழித்த கந்தல் அறிஞர்களின் ஏடாயிற்று.

அதன் ஆயுளோ வியப்பூட்டுவது. அபூஉபைத் (ரஹ்) அவர்கள் எழுதிய "கரீபுல் ஹதீஸ்" நூலின் பிரதி ஒன்று நெதர்லாந்தின் லைடன் நகரில் உள்ளது. ஹிஜ்ரி 252இல், அதாவது 866இல், காகிதத்தில் எழுதப்பட்ட அப்பிரதி 1150 ஆண்டுகளைக் கடந்தும் வாசிக்கத் தக்கதாய் இருக்கிறது.

சிக்கனமும் பேராசையும்

அன்றைய மக்கள் காகிதத்தை எளிதில் எறிந்துவிடவில்லை. ஃபாத்திமீ ஆட்சியாளர்களின் அரசாணைகளில் வரிகளுக்கிடையே அகன்ற வெற்றிடம் விடுவது மரபு. காலாவதியான ஆணைகளை வெட்டி, அந்த வெற்றிடங்களிலும் பின்பக்கத்திலும் பிறர் தம் குறிப்புகளை எழுதிக்கொண்டார்கள். அத்தகைய தாள்கள் எகிப்தில் ஏராளமாகக் கிடைத்துள்ளன.

ஆனால் பழையதெல்லாம் புனிதம் என்று கருதுவதும் பிழையாகும். காகிதம் மலிந்ததும் தேவை பெருகியது. 1047இல் கெய்ரோவை அடைந்த நாஸிர் குஸ்ரவ், கடைக்காரர்கள் பொருள்களைக் காகிதத்தில் பொதிந்து கொடுப்பதைக் கண்டு எழுதினார். 1200ஐ ஒட்டி எகிப்துக்குச் சென்ற அப்துல் லத்தீஃப் அல்பக்தாதீ, பண்டைய கல்லறைகளைத் தோண்டிப் பிணங்களைச் சுற்றியிருந்த துணியை உருவிக் காகிதம் செய்வோரிடம் சிலர் விற்றதைப் பதிவு செய்கிறார். தேவைக்கு எல்லை இல்லையெனில், கந்தலில் பிறந்த கலையும் கல்லறையைத் தொடும் என்பதே அதன் பாடம்.

மரத்தின்மீது விழுந்த சுமை

அந்தலுஸில், கிராஅத் கலையின் இமாம் ஷாதிபீ (ரஹ்) அவர்கள் பிறந்த ஷாதிபா நகரின் காகிதத்தை 1154இல் அல்இத்ரீஸீ புகழ்ந்தார். அங்கிருந்தும் பிற வழிகளிலும் இக்கலை ஐரோப்பாவுக்குச் சென்றது. கடையில் நாம் கேட்டு வாங்கும் "ரீம்" என்ற சொல்லும் கட்டு எனப் பொருள்படும் "ரிஸ்மா" என்ற அரபுச் சொல்லின் வழிவந்ததே.

அச்சு இயந்திரம் பெருகியபின் கந்தல் போதவில்லை. 1844இல் ஜெர்மனியின் கெல்லரும் கனடாவின் ஃபெனர்ட்டியும் தனித்தனியே மரக்கூழிலிருந்து காகிதம் செய்யும் வழியை அறிவித்தார்கள். காகிதம் மலிவாயிற்று, ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் நூல் கிட்டியது. அதற்கு ஈடாகக் காடுகளும் ஆற்று நீரும் விலையாயின. அவசரத்தில் செய்த மரக்கூழ்த் தாள் நூறாண்டுக்குள் பழுத்து நொறுங்கவும் செய்தது. மாற்று வழிகள் இல்லாமலில்லை. கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் 1984இல் உற்பத்தி தொடங்கிய அரசு ஆலை, கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்து வருகிறது. ஓர் ஆலையின் கழிவு மற்றோர் ஆலையின் மூலப்பொருளாவது பக்தாதின் பழைய வழியே.

திரைக்குப் பின்னால்

கணினிக் குறிப்பு கண்ணுக்குக் கழிவைக் காட்டுவதில்லை. ஆயினும் தரவு மையங்கள் 2024இல் உலக மின்சாரத்தில் ஏறத்தாழ 1.5 விழுக்காட்டை நுகர்ந்தன. 2022இல் உலகில் சேர்ந்த மின்கழிவு 6.2 கோடி டன், அதில் 22.3 விழுக்காடு மட்டுமே முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவாகியுள்ளது. மீதியில் ஒரு பகுதி டெல்லியின் சீலம்பூர் போன்ற இடங்களில் ஏழைகளின் வெறுங்கைகளால் பிரிக்கப்படுகிறது.

மகளின் கேள்விக்கு ஒரு சிறு கணக்குப் போடலாம். 500 தாள்கள் கொண்ட ஒரு ரீம் ஏ4 காகிதத்தின் எடை 2.5 கிலோ. ஒரு கிலோ காகிதம் செய்ய ஏறத்தாழ ஒரு கிலோ கரியமில வாயு வெளியாகிறது என்பது பொதுவான மதிப்பீடு. மடிக்கணினி ஒன்றைச் செய்வதிலோ 200 கிலோ அளவில் வெளியாகிறது. அதாவது பெட்டியைப் பிரிக்கும் முன்பே அது 80 ரீம், 40,000 தாள்களுக்கு ஈடான சுமையைப் பூமியின்மீது ஏற்றிவிடுகிறது. குறிப்பெடுப்பதற்கு மட்டும் எந்த மாணவிக்கும் அத்தனை தாள் தேவைப்படாது.

எனவே மரத்தைக் காக்கவென்று புதிய கருவி வாங்குவது காப்பதாகாது. படிப்புக்கு அது எப்படியும் தேவையெனில், ஏழெட்டு ஆண்டுகள் பேணி, அதிலேயே குறிப்புகளையும் எழுதுவது சிக்கனம். வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருந்தால் கேள்வியே எழாது. ஏட்டில் எழுதுவோர் இருபக்கமும் ஓரம் வரை எழுதலாம். சென்ற ஆண்டின் ஏடுகளில் எஞ்சிய வெற்றுத் தாள்களைத் தைத்துக்கொள்ளலாம். திரையில் எழுதியதை மீண்டும் அச்சிட்டு அடுக்குவதுதான் இரு சுமையையும் ஒருசேர ஏற்பது.

முதல் வஹியிலேயே எழுதுகோலை நினைவூட்டிய இறைவன், விரயம் செய்வோரை நேசிப்பதில்லை என்றும் அறிவித்திருக்கிறான். கந்தலை ஏடாக்கியவர்களின் வழிவந்த நாம், நம் கையிலுள்ளது தாளாயினும் திரையாயினும், அதனை அமானிதமாகக் கருதி முழுமையாகப் பயன்படுத்த வல்ல ரஹ்மான் அருள்புரிவானாக. ஆமீன்.